ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு கம்பி வேண்டாம்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு பையன் வந்தான், இடது மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு. சேலத்தில் கிட்டார் சொல்லித்தரும் எனக்கு இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவன் நாலாவது ஆள். ஜாஸ் மெட்டுக்குக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம், சேர்க்கப் பழகுகிறானாம். வாசிக்கச் சொன்னேன். மெட்டில் வரும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முழு பார் கார்டு, ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்தி! கை என்னத்துக்கு ஆகும்? மெட்டும் காதில் விழவே இல்லை.

கார்டு என்றால் எல்லாச் சுரமும் இருக்கணும், அடியில் மூலச் சுரம் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) கண்டிப்பாக இருக்கணும், மெட்டின் சுரம் கார்டுக்குள் இல்லாவிட்டால் கார்டையே மாற்றணும் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. கார்டின் குணத்தைக் காட்டுவது மூலச் சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவது, ஏழாவது சுரங்கள்தான். ஐந்தாவதை விட்டுவிடலாம். மூலச் சுரத்தை, கூடவே தாழ்ந்த சுரங்களை பேஸில் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார், தனியாக வாசித்தால்கூட அவ்வப்போது தொட்டால் போதும்.

கிட்டாரை எடுங்கள். மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி நாலாவதில் 3ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடு), மூன்றாவதில் 5ஆம் ஃப்ரெட். இது டி மைனர் செவன் என்ற கார்டு. மூன்றாவது கம்பி விரலை மட்டும் 4க்கு இறக்குங்கள், ஜி செவன். அப்புறம் நாலாவது கம்பியில் 2, சி மேஜர் செவன். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்தான் நகர்கிறது, அதுவும் ஒரு ஃப்ரெட்தான். முதல் இரண்டு கம்பிகள் மெட்டுக்காகக் காத்திருக்கின்றன. ஜி செவன் மேல் மெட்டு ‘இ’ (E) சுரத்தில் நின்றால்? அந்தக் கார்டில் இ இல்லையே என்று பதறாதீர்கள். இரண்டாவது கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் அதை வைத்து மூன்றையும் சேர்த்து மீட்டுங்கள். அதுதான் ஜி தேர்ட்டீன், அந்த நிறத்துக்காகத்தானே ஜாஸுக்கு வந்தோம்!

அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமெரியைக் கேளுங்கள். தனிச் சுரத்தில் ஆரம்பித்து, ஆக்டேவுக்கு (ஒரே சுரத்தை மேல், கீழ் இரண்டு நிலையிலும் சேர்த்து வாசிப்பது) போய், அதற்கப்புறம்தான் கார்டுகளால் வாசிப்பார்.

வலித்தால் நிறுத்துங்கள், பழகினால் சரியாகிவிடும் என்று அழுத்தாதீர்கள். விரல் மரத்துப்போனால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள். கம்பி ரொம்ப உயரமாக இருந்தால் கடையில் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் மரம் ஊதிக் கம்பி இன்னும் எழும்பும், மலையில் இருப்பவர்கள் கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வையுங்கள். அப்புறம், தயவுசெய்து மெட்டை முதலில் வாயால் பாடுங்கள். எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே ஒரு கார்டு வையுங்கள், மற்ற இடங்களில் மெட்டு தனியாகவே நடக்கட்டும்.

அந்தப் பையனுக்கு இரண்டு வாரம் பார் கார்டு கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.