கடலோர வீட்டுச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

மறுபடியும் அதே கதை. கீழக்கரைப் பக்கம் தாத்தா காலத்து வீடு. வாரிசுகள் துபாயிலும் பினாங்கிலும். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் புதுப்பித்து, ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்க்க வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று பணம் அனுப்பினார்கள். பழைய சுண்ணாம்பைச் செதுக்கி எறிந்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு, அதன்மேல் இரண்டு கை பட்டி, அதற்கும் மேல் 'வாட்டர்ப்ரூஃப்' பெயிண்ட். வீடியோவில் பளபளவென்றுதான் இருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டியதும் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. சாவியால் தட்டினால் பூச்சு பொத்தென்று சத்தம் கொடுக்கிறது. "இன்னும் நல்ல சிமெண்டாகப் போட்டு மறுபடி பூசிடலாம்" என்கிறார் ஒப்பந்தக்காரர். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இதே தவறில்தான் வெளிநாட்டுச் சம்பாத்தியம் கரைகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

"சுவரில் ஈரம் வருகிறது, அதனால் தண்ணீர் புகாத பூச்சு பூச வேண்டும்" என்ற நினைப்பில்தான் எல்லாம் தொடங்குகிறது. கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் இந்தக் கடற்கரையின் பழைய வீடுகள் பல, கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. கல்லுக்குள்ளேயே உப்பு இருக்கிறது; அடித்தளத்துக்குக் கீழே உள்ள மண்ணிலும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாக இறுகும். நம் கரையில் இரவில் கரைவதும் பகலில் இறுகுவதும் மாறி மாறி நடக்கிறது. மழையே இல்லாத மாதத்தில் விடியற்காலை சுவர் நசநசவென்று இருப்பது இதனால்தான். எங்கேயோ குழாய் கசிகிறது என்று தரையை உடைத்துத் தேடுவது வீண் வேலை.

சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியாக வெளியேறும், உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டால் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. உப்பு அப்போது பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் படிகமாகி, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடுகிறது. பூச்சு எவ்வளவு கெட்டியோ, கழன்று வரும்போது அவ்வளவு கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். கெட்டியான பூச்சுதான் நல்ல பூச்சு என்ற எண்ணம் இங்கே வீட்டையே தின்கிறது. அடிச்சுவரில் நான்கு அடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பதும் அப்படித்தான்: இடுப்பளவில் நின்ற ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி, தலை உயரத்தில் பூக்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயம் பவளக்கல்லும் சுண்ணாம்பும்தான். கூரை போய் இத்தனை ஆண்டு ஆகியும் அதன் சுவர்கள் கடற்காற்றில் நிற்கின்றன. போய்ப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. ஈரம் தெரியும் கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை சிமெண்ட் பூச்சை முழுதாக எடுத்துவிடுங்கள். கற்களின் இடுக்கில் உள்ள கலவையை 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுவதை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஹோஸ் பைப்பால் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்தான் போகும். உப்பு அதிகமாக இருந்தால், நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யலாம். வாடைக்கால மழை முடிந்து, தை, மாசியில் சுவரைத் திறந்தபடி காயவிட்டுவிட்டு அதன் பிறகே பூச்சைத் தொடுங்கள்.

பூச்சுக்கு, நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சலித்த, உப்பில்லாத மணல். ஒரு கைக்கு 10 முதல் 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். அடுத்த கைக்கு ஒரு வாரமாவது பொறுங்கள். வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பது நம் வழக்கம், நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லிக் கூலியை ஏற்றுபவரிடம் சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது என்று முதலில் கேளுங்கள். "பிடிப்புக்குக் கொஞ்சம் சிமெண்ட்" என்று கொத்தனார் கை வைத்தால் தடுத்துவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மட்டும் போதும். பட்டியும் எமல்ஷனும் வேண்டாம்.

வெளிமுற்றத்துச் சிமெண்ட் தளத்தைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். இரண்டடி விட்டு ஜல்லி கொட்டினால் மண்ணின் ஈரம் அந்த வழியே போகும். பெயர்ந்த கல்லுக்குப் பதில் பவளக்கல் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள்: கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகபட்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விழுந்த உங்கள் கல்லையே திரும்ப வையுங்கள். போதாததற்குச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டுங்கள்.

இனி கான்கிரீட். பின்னால் சேர்த்த குளியலறையோ மாடி அறையோ, அங்கே சட்டம் வேறு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவைத் தண்ணீரில் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக்கூறு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. வீட்டு போர் தண்ணீர் வாயில் கரித்தால் அது கலவைக்கும் ஆகாது, போட்ட கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைக்கும் நனைப்புக்கும் ஆகாது. லாரித் தண்ணீரை முதல் லோடு மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு லோடுக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வையுங்கள், சந்தேகமானால் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு எம்30 வலிமை ரகக் கலவை, தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். இந்தக் கவர்தான் பெரும்பாலும் ஏமாற்றப்படும் இடம்: கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் செருகி வைப்பார்கள், கான்கிரீட் கொட்டும்போது கம்பி பலகையில் படுத்துவிடும். வெளியூரிலிருந்து பணம் அனுப்புபவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முன், கம்பிக்கு அடியில் அளவுகோல் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். படம் வராமல் அடுத்த தவணை அனுப்பாதீர்கள். சல்பேட் தாங்கும் சிமெண்ட் கடலோரத்துக்குச் சிறந்தது என்று விற்பார்கள். குளோரைடைப் பொறுத்தவரை நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் அல்லது இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டே மேல். பி.பி.சி.க்கு நனைப்பு குறைந்தது 10 நாள். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதமானால் 14.

துருப்பிடித்த பழைய தளத்துக்கு அடியில் பூச்சு மட்டும் பூசி விருந்தினரைப் படுக்க வைப்பது குற்றம். கம்பிக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் வரை உடைத்து, துருவை முழுதாகச் சுரண்டி, கனம் கால்பங்கு குறைந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்துப் பாலிமர் கலவை போட வேண்டும். தளம் முழுக்கக் குளோரைடு ஏறியிருந்தால் ஒட்டுப்போடுவது பயனில்லை, தளத்தையே மாற்றுங்கள். கீல், திருகு, கைப்பிடிக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 இங்கே பழுப்பேறும். குளியலறை சுற்றுக்கு மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவே கூடாது.

ஆறு பேர் குடும்பத்துக்குக் கட்டிய செப்டிக் தொட்டியில் வாரக் கடைசிக்குப் பன்னிரண்டு பேரின் கழிவு இறங்குவதை யாரும் யோசிப்பதில்லை. மணல்மண்ணில் கழிவுநீர் கிணற்றுக்கு எளிதாகப் போய்ச் சேரும். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கிராமப்புறக் கரையில், 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர், புதுக் கட்டுமானத்துக்குத் தடையுள்ள வளர்ச்சித் தடைப் பகுதி. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் வீட்டை, அடித்தளப் பரப்பும் தளப்பரப்பும் கூடாமல் பழுதுபார்க்கலாம். 'வியூ'வுக்காக ஒரு மாடி ஏற்ற முடியாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு இதை 50 மீட்டராக்கியது, ஆனால் மாநிலத்தின் கடலோர மண்டல வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே பொருந்தும். உங்கள் சர்வே எண் அதில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வீட்டு பிளான் போடச் சொல்லுங்கள். மத்திய அரசின் ஹோம்ஸ்டே பதிவுக்கு உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும், அறைகள் ஆறுக்கு மேல் கூடாது. பூட்டிய வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. வெளிநாட்டவர் தங்கினால், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினராகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழி தகவல் தர வேண்டும். மொத்த வீட்டையும் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டால், வெளிநாட்டில் வசிக்கும் உங்களுக்குத் தரும் வாடகையில் அவர் 31.2 சதவீதம் வரி பிடிக்க வேண்டியிருக்கும். பேசும்போதே சொல்லிவிடுங்கள், கணக்குத் தாக்கலில் மீதியைத் திரும்பப் பெறலாம்.

வாடகைக்கு விட்ட பிறகும், ஆள் இல்லாத நாட்களில் வீட்டை அடைத்துப் பூட்டாதீர்கள். வாரம் இரண்டு நாள் ஒருவர் வந்து எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோடவிட்டு, சுவரில் பூத்த உப்பைப் பெருக்கி, ஏ.சி. வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவட்டும். அந்தச் சம்பளத்தை வாடகைக் கணக்கில் முதல் செலவாக எழுதுங்கள். இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: சுவர் காய்வதற்கு முன்னால் மே மாத விடுமுறைக்கு முன்பணம் வாங்கிவிடாதீர்கள். வாங்கிவிட்டால், சுண்ணாம்பு காயும்வரை காத்திருக்க எந்த ஒப்பந்தக்காரருக்கும் மனம் வராது. சிமெண்ட் மூட்டை வந்து இறங்கிவிடும்.