குரோமிய மண்ணில் வேர்ப்பூஞ்சைக்கு என்ன வேலை?

பழைய வட ஆற்காட்டில் குரோமியம் என்றால் விளக்கம் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னைத் தாண்டும்.

குரோமியம் இரண்டு வேடங்களில் வரும். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். வம்பு செய்வது அறுவிணைதிறன் குரோமியம். அது நீரில் எளிதாகக் கரையும், கிணற்றை மஞ்சளாக்கும். குரோமேட் அயனியின் வடிவம் சல்பேட்டைப் போலவே இருப்பதால், கந்தகச் சத்துக்காக வேர் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகவே அது உள்ளே நுழைந்துவிடுகிறது. வேர் குட்டையாகிறது, இலை வெளுக்கிறது.

இங்கேதான் வேர் உட்பூசணம், அதாவது வேருக்குள் குடியிருக்கும் வேர்ப்பூஞ்சை (மைக்கோரைசா) வருகிறது. நிலத்தாவரங்களில் முக்கால்வாசிக்கு நெருக்கமானவை இந்தப் பூஞ்சையோடு கூட்டு வைத்திருப்பவை. ஒரு சோள வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து நிறம் நீக்கி, வினிகர் கலந்த பேனா மையில் தோய்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். வேர்ச் செல்லுக்குள்ளேயே குட்டி மரம்போல் கிளைத்து நிற்கும் பூஞ்சை நீலமாகத் தெரியும். அந்தக் கிளைகளின் ஆயுள் சில நாட்கள்தான். அதற்குள் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரசைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

உலோகம் கலந்த மண்ணிலும் இதே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது, கூடுதலாக ஒரு தடுப்பு வேலையோடு. பூஞ்சை இழைகளின் சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருள் உலோக அயனிகளைப் பிடித்து வைக்கிறது. உள்ளே நுழைந்தவற்றைப் பூஞ்சை பாலிபாஸ்பேட் என்ற பாஸ்பேட் சங்கிலியோடு பிணைத்து நுண்குமிழ்களில் அடைக்கிறது. இழைகளின் மேற்பரப்பில் அறுவிணைதிறன் குரோமியத்தின் ஒரு பகுதி மூவிணைதிறனாக மாறி அங்கேயே படிந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, வேரில் குரோமியம் தங்குகிறது, தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது குறைகிறது. பாஸ்பரஸ் கிடைத்துச் செடி பெருப்பதால், ஒரு கிராம் இலையில் உள்ள உலோகமும் குறைந்து தெரியும்.

இதை மண்ணைக் கழுவும் மருந்தாக விற்கிறவர்களை நம்ப வேண்டாம். குரோமியம் எங்கும் போய்விடுவதில்லை, இடம் மாறி ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். உலோகம், பூஞ்சை, செடி மூன்றில் ஒன்று மாறினாலும் முடிவு மாறும். சில சேர்க்கைகளில் செடி உலோகத்தைக் கூடுதலாகவே உறிஞ்சியிருக்கிறது. ஆனால் மொட்டையாய்க் கிடக்கும் கழிவு நிலத்தில் மரம் வேரூன்றினால் நச்சுத் தூசி பறப்பது குறையும், மழையில் மண் அரிப்பதும் குறையும். அதுவே பெரிய லாபம்.

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பம் இந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்வதில்லை. தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளும் பெரும்பாலும் அப்படித்தான். கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் கீரை போடுகிறவருக்கு உட்பூசணப் பொட்டலம் வீண் செலவு. வேம்பு, அகத்தி போன்ற கன்றுகளுக்கு நாற்றங்காலிலேயே, வேருக்கு அருகில் இட வேண்டும். கூடவே சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினால் செடிக்குப் பூஞ்சையின் தயவே தேவைப்படாது. வேரில் அதன் பரவலும் குறைந்துபோகும்.