பாட்டில் முப்பது தடவை பேர் வருகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை

சில மாதங்களுக்கு முன் மகாதேவபுராவிலிருந்து ஒரு தம்பதி, ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். கூடவே ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. குழந்தை பேசுவது மொத்தம் நாலு வார்த்தை. அம்மா சொன்னது அப்படியே என் காதில் நிற்கிறது.

"தினமும் தூங்கவைக்க அவ பேரு வச்சே ஒரு பாட்டு போடறோம் மேடம். ஏஐ-ல செஞ்சது. அதுல அவ பேரு முப்பது தடவையாவது வரும். ஆனா நாங்க பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா."

பெங்களூரில் பேச்சுப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். அல்சூர் பக்கம் கிளினிக் என்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள்தான். கீழே வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு வயதுக்குள் பெயர் சொன்னால் குழந்தை திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் முதல் வேலை காது பரிசோதனை. இந்தக் குழந்தைக்கு அதை முடித்தோம், காது நன்றாகவே கேட்கிறது. ஆட்டிசம் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனையையும் குழந்தை மருத்துவரோடு சேர்ந்து செய்தோம். ஆகவே, பாட்டுப் போட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வீட்டில் தமிழ், ஆயாவிடம் கன்னடம், டேகேரில் இங்கிலீஷ், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்வதையும் நம்பாதீர்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டேன். மெட்டு அழகாக இருந்தது. குழைவான பெண்குரல், பின்னால் புல்லாங்குழல். நிலா, நட்சத்திரம், தேவதை, வானவில். 'குழந்தை' மட்டும் 'குலந்தை' ஆகியிருந்தது. மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. குழந்தை என் மேசையின் இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பாட்டில் அவள் பெயர் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. ஏன் நிமிர வேண்டும்? அந்தப் பெயரைச் சொன்ன குரல் அவளிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லையே. ஃபேன் சத்தம் மாதிரி அதுவும் அறையில் ஒரு சத்தம்.

பாட்டை நிறுத்திவிட்டு, "நீங்க பாடுங்கம்மா" என்றேன். அவர் கூசிப்போனார். "எனக்குப் பாடவெல்லாம் வராது மேடம். இந்தக் குரல் மாதிரி இருக்காது."

இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்தது அந்தப் பதில்தான். என் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்ன முதல் அம்மா இவர் இல்லை. சுருதி சேர்ந்து, தாளம் தப்பாமல், மூச்சு வாங்காமல் பாடும் குரல் கைக்குள்ளேயே கிடைத்ததும், தன் குரல் குழந்தைக்குப் போதாது என்று நினைக்கிறார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களை வைத்து 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் செய்த ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். சப்புவதை எப்படி மாற்றினால் அம்மாவின் குரல் வருகிறது, எப்படிச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் வருகிறது என்று ஏற்பாடு செய்தார்கள். சிசுக்கள் அம்மாவின் குரலை வரவழைக்கும் விதமாகவே அதிகம் சப்பின. அந்த அம்மாக்கள் யாருக்கும் பாட்டு வருமா என்று பரிசோதித்துச் சேர்க்கவில்லை.

கீழே பாயில் உட்கார்ந்திருந்த அம்மாயிதான் ஆரம்பித்தார். "நான் பாடறனுங் அம்மிணி" என்று குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டார். கரகரத்த குரல், நடுவில் இருமல். வார்த்தையெல்லாம் உறவு. யார் அடித்து நீ அழுகிறாய், மாமன் என்ன சீர் கொண்டுவருவான், அத்தை ஏன் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை வரும் இடத்தில் குரலில் ஒரு குத்தல். மருமகன் பக்கத்திலேயே இருந்ததால் அதோடு விட்டார் என்று நினைக்கிறேன். நம் தாலாட்டு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. வெளியே வாய்விட்டுச் சொல்ல முடியாத வருத்தத்தைப் பெண்கள் தொட்டிலுக்குத்தான் சொன்னார்கள்.

மூன்றாவது வரியில் குழந்தை இழுப்பறையை விட்டுவிட்டாள். அம்மாயியின் வாயைப் பார்த்தாள். வரி முடிந்த இடத்தில் "ம்ம்" என்றாள். அம்மாயி அடுத்த வரிக்குப் போகவில்லை. நிறுத்தி, குனிந்து, "ம்ம்ம்? அப்புடியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் தொடர்ந்தார். அடுத்த வரி முடிந்ததும் மறுபடி ஒரு "ம்ம்". இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வதன் முதல் வடிவம் அது. நான் பல வாரம் பயிற்சி கொடுத்துக் கொண்டுவர நினைப்பதை அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்தபடியே செய்துவிட்டார்.

தாலாட்டு என்ற சொல்லில் வரும் 'தால்' என்பதற்கு நாக்கு என்று பொருள். நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழில் காப்பு, செங்கீரை முடிந்து மூன்றாவதாக வருவது தாலப் பருவம். குழந்தை பார்த்துக் கற்பதும் அந்த நாக்கைத்தான், உதட்டைத்தான். ழகரம் சொல்ல நாக்கு எப்படி வளைகிறது என்பதை ஸ்பீக்கர் டப்பாவில் பார்க்க முடியாது.

வாயைப் பார்ப்பது மட்டும் போதாது, பேசுகிற ஆள் நேரில் இருக்க வேண்டும் என்பதை 2003-இல் பட்ரிஷியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் படித்துப் பேசியவர்களிடம் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் அதே விஷயத்தைப் பேசிய வீடியோவைப் பார்த்தவர்களுக்கும், ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கும் எதுவும் ஏறவில்லை. அங்கே ஏஐ எதுவும் கிடையாது. பதிவான குரல் மனிதக் குரல்தான். அப்படியும் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான், 'ஏஐ பாட்டுக்கும் மனிதர் பாட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா?' என்ற கேள்வியில் எனக்கு அவ்வளவாக ஈடுபாடு இல்லை. தெரிவதில்லை. டீசர் என்ற பிரெஞ்சு இசைச் செயலி 2025 நவம்பரில் வெளியிட்ட கணக்கெடுப்பில், 8 நாடுகளில் 9,000 பேரிடம் கேட்டதில் 97 சதவீதத்தினரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தங்களுக்கு வந்து சேரும் புதுப் பாட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நாளொன்றுக்கு 50,000, முழுக்க ஏஐ செய்தவை என்றும் அந்த நிறுவனம் சொன்னது. பாட்டுச் செய்யும் ஏஐ என்பது, ஏராளமான ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, அவற்றைப் போன்ற ஒலியை உருவாக்கப் பழக்கிய இயந்திரம். நாம் இதுவரை பாடி வைத்ததன் சாயல் அதில் இருக்காமல் எப்படி இருக்கும்? அந்தச் சாயலுக்கு மூலமான பாடகர்களைக் கேட்காமலேயே எடுத்தார்கள் என்று 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சுனோ, யூடியோ என்ற ஏஐ பாட்டுச் செயலிகளின் மீது வழக்குப் போட்டன. அதுவும் முக்கியம்தான். ஆனால் என் அறைக்குள் வரும் கேள்வி வேறு. பாடுகிறவர் யார், யாருக்காகப் பாடுகிறார், கேட்பவர் வாய் திறந்தால் பாட்டு நிற்குமா?

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஏஐ மேல் எனக்கு ஏதோ கோபம் என்று தோன்றும்.

மர்ஃபி டவுனில் இருக்கும் அறுபத்து மூன்று வயதுக்காரர். மூளையின் இடது பக்கம் பக்கவாதம் தாக்கி, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, தண்ணி என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் சின்ன வயதில் மனப்பாடம் செய்த முருகன் பாட்டை எடுத்துக் கொடுத்தால் நாலு வரி தடையில்லாமல் பாடுவார். பார்க்கிறவர்கள் சாமி அருள் என்பார்கள். பல வருடம் பாடிப் பதிந்த பாட்டு, பேச்சு வரும் அதே வழியை மட்டும் நம்பி இருப்பதில்லை. இதை வைத்துத்தான் 1973-இல் பாஸ்டனில், மெட்டில் ஏற்றிச் சொற்களைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். உதவுவது மெட்டா தாளமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நாங்கள் இரண்டையும் பயன்படுத்துகிறோம்.

அவருடைய மகன் சாஃப்ட்வேரில் வேலை. அப்பாவுக்காக வரிகளைத் தானே எழுதி, ஏஐ-யில் மெட்டுப் போட்டுக் கொண்டுவந்தார். அப்பா சைக்கிளில் பள்ளிக்குக் கூட்டிப்போனது, ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரி. உண்மையாகவே நல்ல வரிகள். அப்பா மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு அசையவில்லை. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதுப் பாட்டு அவர் வாய்க்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். பிறகு அந்த மெட்டின் முதல் வரியை மட்டும் எடுத்தோம். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, "காப்பி கொண்டாம்மா" என்ற சொற்களை அதில் பொருத்தினோம். இசையெல்லாம் நிறுத்தம். அவர் மனைவி எதிரே உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்து ஒவ்வொரு அசைக்கும் மேசையில் ஒரு தட்டு. முதலில் முனகல், பிறகு சேர்ந்து பாடுவது, பிறகு மனைவி பாதியில் குரலை இறக்கி அவருக்கு விடுவது. மகன் தினமும் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் "கொண்டாம்மா" வந்தது. ஐந்தாவது வாரம் முழு வரியும் வந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு, யாரும் எடுத்துக் கொடுக்காமல், உண்மையிலேயே காப்பிக்காக. அந்த மெட்டு இப்போது அந்த வீட்டு மெட்டு. எங்கிருந்து வந்தது என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். செயலியில் பாட்டுச் செய்யத் தோன்றினால் செய்யுங்கள். இரண்டு தடவை கேளுங்கள், மெட்டுப் பிடித்ததும் போனை வைத்துவிட்டு நீங்களே பாடுங்கள். சுருதி போனால் போகட்டும். குழந்தை குறுக்கே சத்தம் கொடுத்தால் நிறுத்துங்கள், காத்திருங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதையும் மறக்காதீர்கள், தூங்கவைக்கும் பாட்டு வீடியோவும் அதில் சேர்த்திதான். பாட்டியின் குரலையோ குழந்தையின் குரலையோ, குரலை நகலெடுக்கும் செயலிகளில் யோசிக்காமல் ஏற்றாதீர்கள். ஏற்றிய குரல் எங்கே போகிறது என்று உங்களால் பின்தொடர முடியாது. ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் புது வார்த்தைகள் வரவில்லை என்றால், 'அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று காத்திருக்காமல் காதைப் பரிசோதியுங்கள்.

மகாதேவபுரா அம்மா போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு அனுப்பியிருந்தார். ஏஐ பாட்டின் மெட்டுதான், வார்த்தைகளை மாற்றிவிட்டார். நிலாவும் தேவதையும் போய், பால்கனி மணி பிளான்ட், வாட்ச்மேன் தாத்தா, காலையில் வரும் தண்ணீர் லாரி. லாரி வந்ததும் பாட்டு நிற்கிறது. இரண்டு விநாடி அமைதி. பிறகு குழந்தையின் குரல், "பாம்ம்ம்!" அம்மா சிரித்துவிடுகிறார். அடுத்த வரி என்னவென்று மறந்துபோய், மறுபடியும் மணி பிளான்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்.