பிக்மி நம்பர் கைக்கு வந்ததா, முதலில் அதைப் பாருங்கள்

கர்ப்பம் உறுதியானதும், கர்ப்பிணிகளைப் பதியும் தமிழக அரசின் பிக்மி இணையதளத்தில் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய் சேய் நல அடையாள எண், பிக்மி நம்பர் என்பது இதுதான்) வாங்க வேண்டும். அது இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே இழுபறிதான், தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவமானாலும் சரி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாயும் (ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு) இந்த எண்ணை வைத்துத்தான் வரும். அரசாணைக் கதை இவ்வளவு போதும்.

ஏற்காட்டுக்கு உள்ளே ஒரு மலைக்கிராமம். காபித் தோட்டத்துக்குப் போகும் பெண், தாய் சேய் அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தார். போட்ட ஊசி, எடை, ரத்த அளவு எல்லாம் பேனாவில் ஒழுங்காக எழுதியிருந்தது, ஆர்.சி.எச். எண் எழுதும் இடம் மட்டும் காலி. "இங்க டவர் இல்லம்மா, அப்புறம் ஏத்திடுறேன்" என்றாராம் நர்ஸ். ஏற்றியபோது ஐந்தாம் மாதம். உதவித்தொகைக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் ஆபீஸில் கம்ப்யூட்டரில் இருக்கும் தேதியைத்தான் பார்ப்பார்கள். நர்ஸை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய, ஒரே ஆள் எத்தனை ஊர் நடப்பார்? ஆனாலும் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தானே.

அதனால் எண் அட்டையில் ஏறும்வரை விடாமல் கேளுங்கள். 102-க்கு போன் செய்தோ இணையத்திலோ நீங்களே முன்பதிவு செய்யலாம், ஆனால் அப்போது கிடைப்பது வெறும் முன்பதிவு எண், கிராம சுகாதார செவிலியர் சரிபார்த்த பிறகுதான் உண்மையான எண் வரும். கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்த முன்பதிவுச் சீட்டையே உண்மையான எண் என்று நம்பி ஆறு மாதம் பத்திரமாக வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய பொறி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது. சேர்வராயன் மலையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பிறந்த வீடு கல்வராயன் மலையில் இருக்கும். அங்கே போனதும் புதிதாகப் பதிகிறேன் என்று யாராவது கிளம்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு எண் ஆனால் பரிசோதனை பாதி இங்கே, பாதி அங்கே என்று சிதறி, "உங்க ஊர்ல கேளுங்க", "பிரசவம் ஆன இடத்துல கேளுங்க" என்று பஸ் கட்டணத்துக்கே பணம் கரையும். பழைய எண்ணைக் காட்டி அதிலேயே தொடரச் சொல்லுங்கள், ஊரை விட்டுப் போகும்போதே இங்குள்ள செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும், புருஷன் கணக்கு செல்லாது. பாஸ்புக்கில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்றிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். செல்போன் எண்ணாகத் தோட்டத்து மேஸ்திரியின் நம்பரைக் கொடுக்காதீர்கள். 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் பணம், பிரசவத்துக்கான தவணை அரசு மருத்துவமனையில் பிரசவித்தால்தான் வரும். மலையில் பலருக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள், அதனாலேயே வயது இடிக்கும்.

பணம் வரவில்லை என்றால் வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணைச் சொல்லி, எந்தத் தவணை எதனால் நிற்கிறது என்று திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மழுப்பினால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் புகார் சொல்லி, அந்தப் புகார் எண்ணையும் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.