பார்க்கிங் பிரேக் ஹார்டுவேர்: தமிழில் எப்படிச் சொல்வது?

காரின் பின்பக்க சஸ்பென்ஷனை (சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பை) கழற்றி வேலை முடித்துத் திரும்ப மாட்டும்போது, கையேட்டின் முடிவுப் பகுதியில் ஒரு சின்ன வரி வரும்: பார்க்கிங் பிரேக் ஹார்டுவேரை மீண்டும் இணைக்கவும். இதைத் தமிழாக்கும் இயந்திர மொழிபெயர்ப்பு ஹார்டுவேரை ‘வன்பொருள்’ என்றும் சஸ்பென்ஷனை ‘இடைநீக்கம்’ என்றும் போட்டுவிடுகிறது. வன்பொருள் கணினிக்கு உரியது, இடைநீக்கம் வேலையிலிருந்து ஆளை நிறுத்திவைப்பது. இரண்டும் அவற்றின் இடத்தில் நல்ல சொற்கள்தான், ஆனால் காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. அதனால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் சஸ்பென்ஷன். லத்தீனில் ‘தொங்கவிடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. பழைய குதிரை வண்டிகளில் ஆள் உட்காரும் பெட்டியைத் தோல் வார்களில் உண்மையாகவே தொங்கவிட்டிருந்தார்கள், பெயர் அங்கேயே பொருந்திவிட்டது. இன்றைய காரில் உடல் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தொங்கவில்லை, இருந்தாலும் பெயர் மாறவில்லை. தமிழில் ‘தொங்கல் அமைப்பு’ என்று எழுதலாம், மூலச்சொல்லின் பொருளும் கெடாது, வேலை இடைநீக்கத்தோடும் குழம்பாது.

அடுத்து பிரேக். ஆங்கிலத்தில் இதன் மூலம் முழுதாகத் தீர்ந்த விஷயம் அல்ல. நார்ச்செடியை நசுக்கும் கருவியின் பெயரோடு சிலர் இணைக்கிறார்கள், கையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடும் சிலர் இணைக்கிறார்கள். தமிழில் தடை, தடுப்பான், நிறுத்தி என்று பல வழக்குகள் இருக்கின்றன. பார்க் என்பது பிரெஞ்சில் வேலியடைத்த இடம். படைகள் பீரங்கிகளையும் வண்டிகளையும் ஓரிடத்தில் வரிசையாக நிறுத்திவைத்த இடத்துக்கும் அதே பெயர் வந்து, அங்கிருந்துதான் வாகனத்தை நிறுத்திவைப்பது என்ற பொருள் கிளைத்தது. இதற்கு இலங்கைத் தமிழில் ‘தரிப்பிடம்’ என்ற சொல் நன்றாகவே புழங்குகிறது. தரித்து நிற்பது என்றால் அப்படியே நிலைத்து நிற்பது. எனக்கு ‘நிறுத்தம்’ என்பதைவிடத் ‘தரிப்பு’ பிடிக்கும், ஏனென்றால் இந்த பிரேக்கின் முக்கிய வேலை ஓடும் வண்டியை நிறுத்துவது அல்ல, நின்ற வண்டியை நகராமல் வைத்திருப்பது.

ஆனால் ‘தரிப்புத் தடை’, ‘நிறுத்தத் தடை’ என்று எழுதினால் ‘இங்கே வண்டி நிறுத்தக்கூடாது’ என்ற பலகை மாதிரி ஆகிவிடும். அதனால் ‘தரிப்பு நிறுத்தி’ அல்லது தயங்காமல் ‘தரிப்பு பிரேக்’ என்று வைத்துக்கொள்வது மேல். பேச்சில் எல்லாரும் ஹேண்ட் பிரேக் என்கிறோம், பேச்சுக்கு அது போதும். எழுத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், சில கார்களில் இதைக் காலால் மிதிக்கிறார்கள், சிலவற்றில் வெறும் பொத்தான்தான் இருக்கிறது.

இந்த வேலைக்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருந்தது, முட்டுக்கட்டை. உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டைதான் அது, இடையூறு என்ற பொருளெல்லாம் அதன் நீட்சி. பின்பக்கம் பிரித்திருக்கும்போது தரிப்பு பிரேக் வேலை செய்யாது என்பதால் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தே ஆக வேண்டும், வண்டியை ஜாக்கியில் மட்டும் விடாமல் ஸ்டேண்டில் நிறுத்தவும் வேண்டும்.

இப்போது ஹார்டுவேர். ‘வேர்’ என்றால் விற்பனைச் சரக்கு. கணினி வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பூட்டு, கீல், ஆணி மாதிரி உலோகச் சாமான்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. பிரேக்கில் இது குறிப்பது கிளிப்பு, பின், ஸ்பிரிங், பிராக்கெட், அதைப் பிடிக்கும் போல்ட்டு போன்ற சின்ன உருப்படிகளை. இவற்றுக்கு என்ன பொதுப்பெயர் வைப்பது என்பதை, இவை என்ன செய்கின்றன என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

தரிப்பு பிரேக்கின் கேபிள் வெறும் கம்பி அல்ல. உள்ளே ஒரு முறுக்குக்கம்பி, வெளியே விறைப்பான உறை. இந்த வகைக்கு பௌடன் கேபிள் என்று பெயர், எர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்றதால் வந்தது. கேபிளுக்கு ‘வடம்’ அருமையான சொல், ‘உறைவடம்’ என்றால் இந்த அமைப்பே கண்முன் வந்துவிடும். உள்கம்பியை இழுக்கும்போது அதே அளவு விசை உறையை அமுக்குகிறது, உறையின் இரு முனைகளும் அசையாமல் நின்றால்தான் அந்த இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேரும். முனை நழுவினால் நீங்கள் லீவரை இழுக்க இழுக்க உறைதான் நகரும், பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம் என்ற கிண்ணத்தின் உட்புறத்தில் அழுந்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) அசையாது.

அந்த முனையைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்தச் சின்னக் கிளிப்பின் வேலை. டிரம் உள்ள பல கார்களில் உறையின் நுனியில் மீன்முள் போல விரிந்த எஃகு விரல்கள் இருக்கும், பிரேக் உறுப்புகளைத் தாங்கும் பின்தகடான பேக்கிங் பிளேட்டின் துளையில் தள்ளினால் அவை மடங்கி உள்ளே போய் அந்தப் பக்கம் விரிந்துகொள்ளும். எல்லா விரலும் விரிந்ததா என்று உறையைப் பின்னால் இழுத்துப் பார்த்தால் தெரியும், ஒன்று மடங்கியே இருந்தாலும் நம்பக்கூடாது. டிஸ்க்கை இருபுறமும் அமுக்கிப் பிடிக்கும் கேலிப்பரோடு சேர்ந்த வகையில் லாடம் மாதிரியான ஒரு தகட்டுக் கிளிப்பு உறைமுனையின் பள்ளத்தில் செருகப்படும், அது துருவேறி அல்லது விரிந்துபோய்த் தளர்ந்திருந்தால் புதிதாகப் போட்டுவிடுவதே சரி. கிளிப் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கட்டித்தழுவுதல் என்று பொருள், தமிழில் ‘கவ்வி’ அதற்கு நிகராக நிற்கும். பிராக்கெட்டைத் ‘தாங்கி’ என்று எழுத வேண்டாம், அது பேரிங்குக்குப் போய்விட்டது.

ஆகவே மொத்தத்துக்கும் ‘பிடிப்புறுப்புகள்’ என்பதே என் பரிந்துரை. எல்லாமே ஒன்றைப் பிடித்து நிறுத்துபவை அல்லது இழுத்துப் பிடிப்பவை. கையேட்டு வரி இப்படி வரும்: தரிப்பு பிரேக்கின் பிடிப்புறுப்புகளைத் திரும்ப மாட்டவும்.

சரி, மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்? லீவரை முழுதாக இறக்கி, வடத்தைச் சரிசெய்யும் நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்கம்பியின் நுனியிலுள்ள குண்டைக் கொக்கியில் மாட்டவே வடம் எட்டாது. வடம் முறுக்கிக்கொள்ளாமல் பழைய பாதையிலேயே போகட்டும். பல கார்களில் பின்சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்ம் என்ற கையில் ஒரு பிராக்கெட் வடத்தைப் பிடித்திருக்கும், சக்கர வேக சென்சாரின் ஒயரும் பக்கத்திலேயே ஓடும். அந்த ஒரு போல்ட்டை விட்டுவிட்டால் சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது வடம் எதிலாவது உரசி உறை கிழியும், தண்ணீர் உள்ளே போகும், கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். அதனால் மாட்டியபிறகு சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும் நிலையிலும், வண்டி எடையில் உட்கார்ந்த நிலையிலும் வடம் விறைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். டிரம் வகையில் முதலில் ஷூவின் இடைவெளியை உள்ளே இருக்கும் பல்சக்கரத்தால் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் வடம். ஷூ தேய்ந்த இடைவெளியை வடத்தை முறுக்கி மறைத்தால் லீவர் இறங்கியிருக்கும்போதே வடம் ஷூவை இழுத்துக்கொண்டிருக்கும், பிரேக் உரசிச் சூடாகும். கேலிப்பர் வகையில் அதன் சின்ன லீவர் முழுதாகத் திரும்பிவந்து தன் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் லீவரை எத்தனை ‘டக்’ சத்தம் இழுக்கலாம் என்பதை அந்தந்தக் காரின் கையேட்டில் பாருங்கள், பொது எண் என்று ஒன்று கிடையாது. லீவரை இறக்கியதும் இரண்டு பின்சக்கரங்களும் கையால் சுற்ற உரசாமல் சுற்ற வேண்டும், ஏற்றியதும் இரண்டும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்.

எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. பயணிகள் கார்களுக்கான ஐநா ஒழுங்குமுறை 13-எச், பாரம் ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில் ஏற்றமாகவும் இறக்கமாகவும் தரிப்பு பிரேக் நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது. 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 20 மீட்டர் ஏற்றம், கிட்டத்தட்ட 11 பாகை. அந்தப் பிடிப்பு நாம் விரலால் அமுக்கி மாட்டிய கவ்விகள் இடத்தில் நிற்பதையும் பொறுத்தது.

மின்சாரத் தரிப்பு பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் இந்த வடமே இல்லை, கேலிப்பரின் மேல் ஒரு மோட்டார் இருக்கும். அங்கே பழகிய வேலைமுறை உதவாது. பராமரிப்பு நிலைக்கு மாற்றி மோட்டாரைப் பின்வாங்க வைத்த பிறகுதான் கேலிப்பரைக் கழற்ற வேண்டும், எல்லாம் மாட்டியபின் அந்த நிலையிலிருந்து வெளியே கொண்டுவரவும் மறக்கக்கூடாது.