பினாங்கு அலையை அளப்பதுதான் கஷ்டம்

“பினாங்கு கெர்னி கரையில் நின்றால் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. உலகக் கடல்களில் பேரலைகள் உயர்ந்துவருகின்றன என்கிறார்களே, நடுக்கடலில் யார் ஐயா அளவுகோலைப் பிடித்து நிற்கிறார்கள்?” என்று பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

குளமாகக் கிடப்பதற்குக் காரணம் சுமத்ரா. இந்தியப் பெருங்கடலின் அலைகளை அது மறித்துவிடுகிறது. மலாக்கா நீரிணையில் காற்று ஓடி அலை வளர்க்க இடமும் போதாது. கிழக்குக் கரையில் திரங்கானு, கிளந்தான் பக்கம் அப்படியில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் முழுக்க ஓடிவந்து மோதுகிறது. பௌர்ணமிக்கு அலை பொங்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். நிலா ஏற்றுவது நீர்மட்டத்தை. அலையைக் கிளப்புவது காற்று.

அளவுகோல் ஆகாயத்தில் இருக்கிறது. 1985இல் ஏவிய ஜியோசாட், 1991இல் ஈஆர்எஸ்-1, 1992இல் டோபெக்ஸ்/போசைடன், பிறகு ஜேசன் வரிசை, 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சரல் என்று செயற்கைக்கோள்கள் ராடார் உயரமானிகளை, அதாவது ரேடியோத் துடிப்பைக் கீழே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவிகளை, சுமந்து அடுத்தடுத்துப் பறந்தன.

ஜேசன் பறந்த உயரம் சுமார் 1,336 கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு மீட்டர் அலையை எப்படிப் பார்ப்பது? பார்ப்பதில்லை; எதிரொலி எவ்வளவு அவசரமாக எழுகிறது என்று கவனிக்கிறது. செங்குத்தாகக் கீழே அனுப்பிய துடிப்பு 9 மில்லிவிநாடிக்குள் திரும்பிவிடும். கடல் கண்ணாடியாக இருந்தால் எதிரொலி சட்டென்று சுவர்போல் எழும். அலை இருந்தால் முகடுகள் முந்திக்கொண்டு பதில் சொல்லும், பள்ளங்கள் பிந்திச் சொல்லும், சுவர் சரிவாகிவிடும். ஒரு மீட்டர் உயர வித்தியாசத்துக்குப் போக வர 6.7 நானோவிநாடி. எட்டு மீட்டர் கடலென்றால் சரிவு சுமார் 53 நானோவிநாடிக்கு நீளும். கருவி எதிரொலியை 3.125 நானோவிநாடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஆகவே எட்டு மீட்டருக்கு 17 துண்டுகள், ஒரு மீட்டருக்கு இரண்டே இரண்டு. இரண்டு புள்ளியை வைத்துச் சரிவை எப்படித் துல்லியமாகச் சொல்வது? புயல்கடலை அளப்பதைவிடப் பினாங்குக் கடலை அளப்பது கஷ்டம் என்பது இதனால்தான். போதாக்குறைக்குக் கரையோரம் நிலத்தின் எதிரொலியும் வந்து கலந்துவிடும்.

ஒற்றைத் துடிப்பின் எதிரொலி வெறும் இரைச்சல். ஏறக்குறைய நூறு துடிப்புகளைச் சராசரியாக்கினால்தான் சரிவு தெரிகிறது. அப்படி விநாடிக்கு இருபது அளவுகள் எடுத்து, அவற்றையும் சுருக்கி விநாடிக்கு ஓர் எண் தருகிறார்கள். அதற்குள் கோள் தரையில் ஆறு கிலோமீட்டர் கடந்திருக்கும். ஆக, கிடைப்பது தனி அலையின் உயரமல்ல. உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிக்குச் சமமான ஓர் அளவு. அதைக் ‘குறிப்பிடத்தக்க அலையுயரம்’ என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அலை ஒன்றும் இருக்கக்கூடும். 2000 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு மேற்கே டிஸ்கவரி என்ற ஆய்வுக்கப்பல் பதிந்த இந்த அளவு 18.5 மீட்டர்; அதே புயலில் தனி அலை ஒன்று 29.1 மீட்டர்.

இனி வில்லங்கம். ஜேசன் ஒரே தடத்துக்குத் திரும்பப் பத்து நாளாகும். புயலோ இரண்டு நாளில் ஓய்ந்துவிடும், தடங்களுக்கு நடுவே நழுவியும் விடும். 1985இல் ஒரு கோள், இன்று பல. கண்கள் கூடினால் பிடிபடும் புயல்களும் கூடும். ஆண்டின் உச்ச அலையை மட்டும் எடுத்துக் கோடு போட்டால், கடல் மாறாமலே கோடு ஏறும்! அதனால் உச்சத்தை விட்டுவிட்டு, நூறு அளவுகளைக் குட்டையிலிருந்து நெட்டையாக நிறுத்தினால் தொண்ணூறாவதாக நிற்பதைப் பின்தொடர்கிறார்கள். கோள்களின் எண்ணிக்கை அதை அவ்வளவாக அசைப்பதில்லை.

கருவியும் கிழடாகும். டோபெக்ஸின் முதல் உயரமானி 1997 வாக்கில் துடிப்பின் கூர்மையை இழந்தது. சரிவு தானாகவே நீண்டது, அலை உயர்வதுபோல் எண்கள் ஏறின. 1999 பிப்ரவரியில் மாற்றுக் கருவிக்குத் தாவினார்கள். இதைக் கண்டுபிடிக்க உதவுவது, கடலிலேயே மிதந்து அலையை அளக்கும் மிதவைகள். கோள் 50 கிலோமீட்டர், அரைமணி நேர வட்டத்துக்குள் கடந்தால் இரண்டையும் ஒப்பிடலாம். ஆனால் அமெரிக்க மேற்குக் கரை மிதவைகளிலேயே உடலும் உணரியும் மாற்றியபோதெல்லாம் பதிவில் படி விழுந்திருந்தது. அளவுகோலைச் சரிபார்க்கும் அளவுகோலுக்கே வைத்தியம்.

இவ்வளவும் திருத்தியபின், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் இயன் யங்கும் அகஸ்தினுஸ் ரிபாலும் 2019இல் வெளியிட்ட கணக்கு: 1985–2018க்குள் தென் பெருங்கடலில் அந்தத் தொண்ணூறாவது அலை சுமார் 30 சென்டிமீட்டர், அதாவது 5 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. மற்ற கடல்களில் மாற்றம் சிறியது. திருத்தும் முறையை மாற்றினால் சில இடங்களில் ஏற்றம் இறக்கமாகவும் ஆகிறது. தென் துருவத்தைச் சுற்றும் மேலைக்காற்று தெற்கே நகர்வதும் வடக்கே திரும்புவதுமாகப் பல்லாண்டு ஊசலாடுவது. அதிலிருந்து நிரந்தரப் போக்கைப் பிரித்தெடுக்க 33 ஆண்டு குறைச்சல்தான்.

அதனால்தான் புதிய கோள் மேலேறியதும் பழையதை உடனே ஓய்வுக்கு அனுப்பாமல், ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாகப் பறக்கவிடுகிறார்கள். சென்டினல்-6உம் ஜேசன்-3உம் 30 விநாடி இடைவெளியில் ஓராண்டுக்குமேல் அப்படிப் பறந்தன. ஒரே வேலைக்கு இரண்டு கோள் எதற்கு என்று கணக்குப்பிள்ளைகள் கேட்பார்கள். என் கருத்தில், புதுக் கருவிக்கு ஒதுக்கும் பணத்தைவிட இந்த இரட்டைப் பறத்தலுக்கும் மிதவைகளைப் பராமரிக்கவும் போகும் பணமே முதலில் உறுதியாக வேண்டும்.