கருத்தடை மாத்திரையும் மாத்திரைதான்

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"எதுவும் இல்லீங்க டாக்டர்."

பிரஷர் 152/98. கிட்னி, தைராய்டு என்று வரிசையாகப் பரிசோதனை எழுதி, இரண்டாவது பிரஷர் மருந்தும் தொடங்கிய பிறகுதான் பிரஷரை ஏற்றக்கூடிய கருத்தடை மாத்திரை ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. நோய்க்குச் சாப்பிடுவது மட்டும்தான் மாத்திரை என்று யார் சொன்னது?

அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "அந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இதயத்துக்கு நல்லதுதானே?" பாதி உண்மை. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டி அவற்றைத் தளர்த்துகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குப் பிரஷர் ஏற இந்தத் துணை விலகுவதும் ஒரு காரணம். ஆனால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தின் உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. அதிலிருந்து கடைசியில் உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 ரத்தக்குழாயைச் சுருக்கும், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த கலப்புக் கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன்; கல்லீரலால் அதை எளிதில் சிதைக்க முடியாது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரும் எஸ்ட்ரடையால் ஜெல்லோ ஒட்டுப்பட்டையோ தோல் வழியாகப் போவதால் பிரஷரை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்காக அது பிரஷர் மருந்து ஆகிவிடாது. பிரஷரைக் குறைப்பதற்காக ஹார்மோன் கேட்டு வராதீர்கள்.

பெரும்பாலோருக்கு மாத்திரையால் ஏறுவது சில புள்ளிகள்தான். சிலருக்கு மட்டும் நிஜமாகவே உயர் ரத்த அழுத்தமாகிறது. அந்தச் சிலர் யார் என்று அளந்தால்தான் தெரியும்.

ஆகவே, பிரஷர் பார்க்காமல் கலப்பு மாத்திரையைத் தொடங்காதீர்கள். மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள், பிறகு ஆண்டுதோறும். 140/90 தாண்டினால் பொதுவாக இது வேண்டாம். 160/100 என்றால் கூடவே கூடாது. காப்பர் டி இருக்கிறது, புரொஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை இருக்கிறது. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கும் கலப்பு மாத்திரை ஆகாது. மாதவிடாய் வலிக்கு அடிக்கடி போடும் ஐபுபுரோஃபென் பிரஷரை ஏற்றும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காருங்கள். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் பொய்யாகக் கூடுதலாகத்தான் காட்டும்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு இன்றே கருத்தடை மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். எனாலாபிரில், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மருந்தில் இருக்கும்போது கரு தரித்தால் அந்த மருந்து குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாற்றுக் கருத்தடையை முடிவு செய்துகொண்டு நிறுத்துங்கள். நிறுத்தியபின் பிரஷர் இறங்கச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை பிரஷர் மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள்.